மருதாணியா, பச்சை குத்துவதா?

கேள்வி: சிடி-ஆர், சிடி-ஆர்டபிள்யூ இரண்டில் எதை வாங்குவது? (அங் மோ கியோ வாசகர்)

பதில்: சிங்கப்பூரில் தேக்கா பக்கம் போனால் கேம்பல் லேனில் மருதாணி வைத்துவிடுவார்கள். சில நாளில் அழிந்துவிடும். அடுத்த கல்யாணத்துக்கு வேறு கோலம் போட்டுக்கொள்ளலாம். ஆர்டபிள்யூ அந்த ஜாதி. ஆர் பச்சை குத்துவது மாதிரி, குத்தியது குத்தியதுதான். ஆரில் இருப்பது சாயம்; லேசர் பட்ட இடம் வெந்து நிரந்தரமாக மாறிவிடும். ஆர்டபிள்யூவில் இருப்பது வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் கலந்த உலோகக் கலவை. சுமார் 600 டிகிரியில் உருக்கி எழுதும் லேசர், 200 டிகிரிச் சூட்டில் அதைப் பழையபடி ஆக்கிவிடும். ஆயிரம் தடவை வரை அழித்தெழுதலாம். வாரம் ஒருமுறை மாறும் கடைக் கணக்குக்கு அது போதும்.

கேள்வி: ஆர்டபிள்யூவில் பக்திப் பாடல் போட்டுக் கொடுத்தேன். அம்மாவின் பழைய பிளேயர் வாயே திறக்கவில்லையே? (யீஷூன் வாசகி)

பதில்: பிளேயருக்குக் கண் தெரியவில்லை. கடையில் விற்கும் பாட்டு சிடி, லேசர் ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ அனுப்புவது 15 முதல் 25 சதவீதம்தான். அது சந்தைக்கு வந்ததே 1997இல். அதற்கு முந்திய பிளேயரைக் குறை சொல்லக் கூடாது. சிடி-ஆர் வாங்கி, எம்பி3யாக இல்லாமல் ஆடியோ சிடியாகப் போடுங்கள். 80 நிமிடப் பாட்டு அடங்கும்.

கேள்வி: கல்யாண வீடியோவுக்கு? (ஜூரோங் வாசகர்)

பதில்: கல்யாணம் ஒரு தடவைதானே நடந்தது? டிஸ்க்கும் ஒரு தடவை எழுதுவதாகவே இருக்கட்டும். டிவிடி-ஆர், 4.7 ஜிபி.

கேள்வி: தாத்தா வானொலி நாடகத்தில் பேசிய கேசட் ஒன்று இருக்கிறது. சிடியில் மாற்றினால் நிலைக்குமா? (பிடோக் வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு தடவை படித்தேன். சிடி-ஆரிலேயே போடுங்கள்; தாத்தாவின் குரலை யாரும் தவறுதலாக அழித்துவிட முடியாது. ஆனால் அந்தச் சாயத்துக்கு வெயில் ஆகாது, நம் ஊர்ப் புழுக்கமும் ஆகாது. ஜன்னலோரம் வேண்டாம், பெட்டியில் போட்டு அலமாரிக்குள் வையுங்கள். பலரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். உயிர் இருப்பது மேல்பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு நேர் கீழே. என் தங்கையின் கல்யாணப் பாட்டு சிடியில் ஆசையாக லேபிள் ஒட்டி வைத்திருந்தேன். பிறகு பிரித்தபோது வெள்ளிப் படலமும் சேர்ந்து உரிந்து வந்தது. டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன், அந்த இடம் வெறும் கண்ணாடி. நாதஸ்வரம் போயே போய்விட்டது.

இரண்டு நகல் போடுங்கள்; ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று உறவுக்காரர் வீட்டில். ஹார்ட் டிஸ்க்கிலும் ஒன்று இருக்கட்டும். நல்ல சிடி-ஆருக்குப் பேர்போன தையோ யூடன் நிறுவனம் 2015இல் டிஸ்க் தொழிலை விட்டது. 2025 பிப்ரவரியில் சோனி ப்ளூ-ரே வெற்று டிஸ்க் தயாரிப்பை நிறுத்தியது. தள்ளிப் போடாதீர்கள். தாத்தா இருக்கிறாரென்றால், பக்கத்தில் உட்காரவைத்து முதல் நகலை ஓடவிடுங்கள். கூடப் பேசும் மற்றக் குரல்கள் யார் யாருடையவை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.