துரைசானி கட்டிய வாட்ச்

தூத்துக்குடிக் கல்யாண வீடுகளில், முதல் பந்திக்கு முண்டியடிக்காமல், மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு அண்ணாச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கவரை நீட்டுகிற பெண்களின் மணிக்கட்டையே உற்றுப் பார்ப்பார். அவர் குணத்தைச் சந்தேகிக்க வேண்டாம். அறுபது வயதைத் தாண்டிய கைகளை மட்டும்தான் பார்ப்பார். மற்றக் கைகளில் இருப்பதெல்லாம் பேட்டரி வாட்ச்.

துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சேர்ப்பது பழைய லேடீஸ் வாட்ச். அதிலும் சுற்றிலும் கல் பதித்து, டயல் உளுந்தம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிற ரகம். ஆம்பிளை வாட்ச் சேர்ப்பவர்களை அவர் மதிப்பதே இல்லை. “ரோலக்ஸைத் துட்டு இருக்கவன் வாங்குவான். இதைக் கண்ணு இருக்கவன்தான் வாங்க முடியும்” என்பார். சாவி கொடுக்கத் தோதாகக் கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வைத்திருக்கிறார்.

அவரிடம் வருகிற வாட்ச் எதுவும் வெறுங்கையோடு வராது, ஒரு கதையோடுதான் வரும். ஒன்று, கொழும்புத் தோணியில் வந்த சரக்காக இருக்கும்; இல்லையென்றால் ஹார்வி மில் துரைசானி கட்டியதாக இருக்கும். அவர் பீரோவில் இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டால் அந்தத் துரைசானிக்குக் காளியம்மனை விடக் கைகள் அதிகம். ஒன்றின் பின்மூடியில் ‘ஜப்பான்’ என்றே பொறித்திருக்கிறது. “ஏன், துரைசானி ஜப்பானுக்குப் போயிருக்க மாட்டாளோ?” என்று கேட்கிறார்.

கதையில்தான் ஏமாறுவாரே தவிர, பொருளில் கெட்டி. பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உள்ளே முத்திரையைத் தேடுவார். சுவிட்சர்லாந்துக்காரன் பழைய தங்கக் கூட்டில் பெண் தலை குத்தியிருந்தால் 18 காரட், அணில் குத்தியிருந்தால் 14. ‘ஆர்.ஜி.பி.’ என்று மூன்று எழுத்து இருந்தால் ரோல்டு கோல்டு, முகம் தொங்கிவிடும். வைரம் போலக் கறுப்பாக மின்னுவது பெரும்பாலும் மார்கசைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். முத்து என்றால் முன்பல்லில் உரசுவார். நறநறத்தால் முத்து, வழுக்கினால் டூப்பு. 1973-ல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் மணி வைத்து முத்து வளர்த்துக் காட்டிவிட்டார்கள். வளர்த்த முத்தும் பல்லில் நறநறக்கத்தான் செய்யும். அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. ஒரு வளைகாப்பில், வாட்சைக் கையிலிருந்து கழற்றாமலேயே உரசிப் பார்க்கக் குனிந்தார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கும் அவர் மனைவி கூடவே வருகிறார்.

அவரை நிஜமாகவே சோதிப்பது ‘17 ஜுவல்ஸ்’ என்கிற எழுத்துதான்.

“அண்ணாச்சி, பதினேழு கல்லுன்னு போட்டிருக்கே. எடுத்தா மவளுக்கு ஒரு மோதிரம் தேறுமா?”

“அது நகைக்கல் இல்ல தாயி. உள்ள சக்கரத்தோட அச்சு தேயாம சுத்தணும்லா, அதுக்கு வச்ச குழி. மாணிக்கந்தான், ஆனா தீயில பொடியை உருக்கி வளத்தது. 1902-லயே பாரிஸ்ல வெர்னாய்னு ஒருத்தன் வழி சொல்லிட்டான்.”

“விலை?”

“பதினேழையும் வித்தாலும் கால் கிலோ மக்ரூன் வராது.”

அந்த அம்மாள் வாட்சை வெடுக்கென்று பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வாசலைத் தாண்டியதும் குரல் கேட்டது: “மாணிக்கங்காரு, விலை இல்லங்காரு. நல்லா ஏமாத்துதாரு.”

பொருளில் இவ்வளவு கெட்டியான அண்ணாச்சி, விற்பவர்கள் பின்மூடியைத் திறக்க விடாவிட்டாலும் வாங்கிவிடுவார். கேட்டால் ஊர் வழக்கத்தைச் சொல்வார். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமல் குவியல் குவியலாகத்தான் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருந்தால் யோகம், இல்லாவிட்டால் நாற்றம். கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதே வருஷம்தான் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் பிறந்தது. “கடல் மூடுச்சு, கம்பெனி திறந்துச்சு” என்று இரண்டுக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருப்பது போலச் சொல்வார். அப்படித் திறக்காமல் வாங்கியதில் போன பனிமய மாதா திருவிழாச் சமயத்தில் வந்தது ஒன்று. வீட்டில் திறந்தால் உள்ளே இயந்திரமே இல்லை. டயலுக்குப் பின்னால் மடித்து வைத்த சிகரெட் அட்டை. அதையும் துரைசானி வரிசையில்தான் வைத்திருக்கிறார்.

பீரோவில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் ஓடாது. திறந்து திறந்து பார்த்ததில் நின்றவையும் உண்டு. அவர் மனைவிக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த எச்.எம்.டி. சுஜாதா ஒன்று மட்டும் சாவி கொடுத்தால் இன்றும் ஓடுகிறதாம். அது எந்தப் பட்டுச்சேலை மடிப்பில் இருக்கிறது என்பது பக்கத்து வீட்டு மதினிக்குத் தெரியும்; எனக்கும் தெரியும். அண்ணாச்சிக்கு மட்டும் சொல்லக்கூடாது என்று அவர் மனைவி சத்தியம் வாங்கியிருக்கிறார்.

“பாத்தாகன்னா அன்னைக்கே திறந்து போட்டுருவாக.”