மிச்சமான இரண்டு வாரம்

சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் அப்பத்தா மைல் கணக்குச் சொன்னதில்லை. "கப்பல்ல ஏழெட்டு நாளுப்பா" என்பார்கள். ஐயா, அதாவது தாத்தா, எங்கே என்று யாராவது விசாரித்தால், "கொண்டுவிக்கப் போயிருக்காக, மூணு வருஷமாகும்." தொழிலுக்காகக் கடல் கடந்து போவதைச் செட்டிநாட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஐயா போனது ரஜூலா கப்பலில். 1926இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் ஏறி, அலையில் நனைந்து, நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குப் போய்ச் சேரவேண்டும். பெரும்பாலோருக்கு மேல்தளத்தில் பாய் விரிக்கும் அளவுக்குத்தான் இடம். தகர டின்னில் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் கூடவே போகும். அங்கே போனால் மார்க்கெட் தெருவில், தொழிலும் தங்கலும் ஒன்றாக நடக்கும் கிட்டங்கி. பகலில் கணக்கெழுதும் சிறு மேசைப் பக்கத்திலேயே இரவில் படுக்கை.

அந்தக் காலத்தை நான் கொண்டாட மாட்டேன். தகப்பனை மூன்று வயதில்தான் முதன்முதலாகப் பார்த்த பிள்ளைகள் எங்கள் பக்கத்து வீடுகளில் உண்டு. ஆச்சிமார் தனியாகவே குடும்பத்தை நடத்தினார்கள்.

ரஜூலாவின் ஓட்டம் 1973இல் முடிந்தது. பின்னால் வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு, அந்தக் கடல்வழியே அற்றுப்போனது. இன்று திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு 90 கிலோமீட்டர் காரில் போய், மூன்று மணி நேரம் முன்னதாகக் காத்திருப்பதைச் சேர்த்தால், பறக்கும் நேரமும் தரையில் கழியும் நேரமும் சரிக்குச் சரி. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைத் திறக்கச் சொல்லி ஊரார் கேட்பது நியாயமே.

ஆனால் மிச்சமாகிற நேரம் எங்கே போகிறது என்பதுதான் என் கவலை. கப்பலில் போக வர இரண்டு வாரம் ஆகும். இப்போது அது ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டது. அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாளாவது வீட்டுக்குக் கிடைத்ததா?

ஐயா கணக்கு முடித்து வந்தால் மாதக்கணக்கில் ஊரில் இருப்பார். பங்காளிகளைக் கூட்டி வைத்துப் பேசுவார். ஆள் விட்டு நாட்டு ஓடு மாற்றுவார். கூடவே நின்று பார்ப்பார். இன்று பேரப்பிள்ளைகள் வெள்ளிக்கிழமை இரவு இறங்கி, சனிக்கிழமை கல்யாணத்தில் தலைகாட்டி, ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, லீவு அவ்வளவுதான். ஆனால் ஓடு அதற்குக் காத்திருக்காது. போன மழையில் பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வளவின் கிழக்கு மூலையில் நாலு ஓடு நழுவியது. அடியில் இருக்கும் அறையின் சாவி சிங்கப்பூரில். சாவி வந்து சேர்ந்து பூட்டைத் திறந்து பார்த்தபோது, முட்டைப்பூச்சு பூசிய சுவரில் இடுப்புயரம்வரை ஈரம் இறங்கி, சுண்ணாம்பு கையோடு உதிர்ந்தது. தேக்கு உத்தரம் தாங்கும், சுவர் தாங்காது.

ஓடு மாற்றப் பத்து நாள் போதும். பங்காளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஊரில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அடுத்த டிக்கெட்டைக் கல்யாணத்துக்கென்று போடாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால், பத்து நாள் தங்குகிற மாதிரிப் போடுங்கள்.