வண்டி உட்காரணும் சார்

"டிபன் ஆச்சா சார்?" என்று அவர் கேட்டால், பாவம், அக்கறையாக விசாரிக்கிறார் என்று ஏமாந்துவிடாதீர்கள். எத்தனை இட்லி என்பது அடுத்த கேள்வி. நாலு என்றால் முகம் சுருங்கிவிடும். இரண்டுக்கு மேல் போனால் டிரைவர் சீட்டுப் பக்கம் கணக்கு உதைக்குமாம்.

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வண்டி போர்டிகோவில், அவர் வண்டிக்கு அடியில், செருப்பு மட்டும் வெளியில். அம்பாசடர் தயாரித்த உத்தர்பாரா ஃபேக்டரியில் 2014-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இவர் வீட்டில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

வீல் அலைன்மென்ட் நமக்கெல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. இவர் கடைக்குப் போகும் முன்பே மூன்று வாரம் ஆகிவிடும். காரணம், 'ஹைட்'. "ஹைட் பாக்காம அலைன்மென்ட் பண்றது, காலை மடக்கிக்கிட்டு நிக்கிறவனுக்கு பேன்ட் அளவெடுக்கிற மாதிரி சார்!"

விஷயம் சரிதான். அம்பாசடருக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்று பக்கத்துக்கு ஒரு நீளக் கம்பி, முறுகி முறுகியே வண்டியைத் தாங்குகிறது. வருஷக்கணக்கில் முறுகின கம்பி களைத்துப் போனால் வண்டியின் மூக்கு இறங்கும். மூக்கு இறங்கினால் லோயர் ஆர்ம் சாய்வு மாறும், கூடவே கேம்பர், டோ என்கிற சக்கரக் கோணங்கள் எல்லாம் மாறும். அலைன்மென்ட் பண்ணிவிட்டு அப்புறம் உயரத்தில் கை வைத்தால், கடையில் கொடுத்த பணம் காந்தி கணக்கு. இதையெல்லாம் நான் மறுக்கவே இல்லை. என் வழக்கு அவர் அளவெடுக்கிற விதத்தைப் பற்றியது.

வீட்டம்மாவின் தையல் மிஷின் டிராயரிலிருந்து டேப் வரும். சக்கரத்தின் நட்ட நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை பிடிப்பார். தரையிலிருந்தே எடுத்தால் என்ன என்று ஒருமுறை தெரியாமல் கேட்டுவிட்டேன். டயரில் காற்றுக் குறைந்தால் தரைக்கணக்கு பொய்யாகிவிடும் என்பதை அரைமணி நேரம் விளக்கினார். இடது பக்கம் அரை இஞ்ச் கம்மி. எழுதிக்கொள்வார். உடனே ஒரு சந்தேகம் வரும்: "இந்த மட்காட்ல எத்தனை டிங்கர் கை வெச்சானோ, உள்ள எத்தனை கிலோ பட்டியோ, இதை நம்பலாமா?" நம்ப மாட்டார். டார்ச்சோடு அடியில் போய் லோயர் ஆர்மில் மறுபடி அளப்பார்.

அளந்து, ஜாக்கி போட்டு, டார்ஷன் பாரை ஒரு பல் தள்ளிப் பூட்டி, இறக்கினால் வண்டி கோழி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். உடனே அளக்கக் கூடாது. ஜாக்கியிலிருந்து இறங்கின சக்கரம் உள்பக்கமாக ஒடுங்கி நிற்குமாம். பம்பரில் நாலு அமுக்கு, வாசல் வரை ஒரு தள்ளு, திரும்ப ஒரு தள்ளு. "வண்டி உட்காரணும் சார்." வண்டி உட்காருகிற வரைக்கும் நாம் நிற்க வேண்டும்.

அப்புறம்தான் நான் உட்கார வேண்டிய கட்டம். ஆள் ஏறினால் எவ்வளவு இறங்கும் என்பதும் தெரிய வேண்டுமே. முதலில் டிரைவர் சீட்டில் அரிசி மூட்டைதான் இருந்தது. சமையலுக்கு அரிசி தேடிய வீட்டம்மா அதைக் காரிலிருந்து மீட்டுக்கொண்டு போனதிலிருந்து அந்தப் பதவி எனக்கு. அவர் நோட்டில் என் பெயர் கிடையாது. '72 கிலோ' என்று இருக்கிறது. பேப்பர் படிக்கலாம், ஆனால் பக்கம் புரட்டக் கூடாது. "அசையாதீங்க சார், எட்டுல ஒரு இஞ்ச் ஆடுது!"

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது. அந்த வண்டியில் டிரைவர் சீட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கிலோமீட்டர் போனதில்லை. கொட்டுகிற மழையில் பஸ் ஸ்டாப்பில் நின்ற அன்றைக்குக்கூடக் கண்ணாடியை இறக்கிக் கையாட்டிவிட்டுப் போனார். பின்சீட்டில் ஆள் ஏறினால் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தாழ்ந்து, முன்சக்கரத்தின் காஸ்டர் கோணம் மாறிவிடும் என்று மறுநாள் விளக்கம் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஆனால் ஒன்று. என் கார் இரண்டு மாதமாக இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை அலைன்மென்ட், இரண்டு தடவையும் கம்ப்யூட்டர் பச்சை காட்டியது, வண்டி இடது பக்கமே போனது. மனிதர் கேட்டுக்கு வெளியே நின்றபடி காரை ஒரு பார்வை பார்த்தார். டேப் கூட எடுக்கவில்லை. "லெஃப்ட் ஃப்ரன்ட் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு." கழற்றிப் பார்த்தால், அடி வளையம் உடைந்து தனியாகக் கிடந்தது. மாற்றி முடிக்கிற வரை கடையில் கூடவே நின்றார். நன்றி சொன்னதற்கு, "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க" என்றார்.

போவதாகத்தான் இருக்கிறேன். ஒரே ஒரு சிக்கல். முந்தாநாள் டாக்டர் வீட்டுத் தராசில் ஏறினேன், 75 காட்டியது. தயவுசெய்து யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.