நாற்றத்துக்கு டிக்கெட்

ஆக்லாந்தில் வேலை பார்க்கும் என் மகள், எங்களுக்கு எரிமலைப் பிரதேசத்தைச் சுற்றிக் காட்டப் போகிறாள். அதற்காக அவள் போட்டிருக்கும் எக்செல் தாளைத் திறந்தால் ஹோலிப் பண்டிகை மாதிரி இருக்கிறது. கேம்பர்வேனை எங்கே எடுப்பது, ரோட்டோருவாவில் எங்கே நிறுத்துவது, டௌப்போ ஏரிக்கரையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, எல்லாவற்றுக்கும் ஒரு நிறம். லேடி நாக்ஸ் என்ற வெந்நீர் ஊற்று தினமும் காலை 10.15க்குப் பீறிடும் என்று ஒரு கட்டத்தில் மஞ்சள் அடித்திருந்தாள். பூமிக்குள்ளிருந்து வருவதற்கு இவ்வளவு நேரந்தவறாமையா என்று விசாரித்தேன். ஓர் ஆள் வந்து ஊற்றின் வாயில் சோப்பு போடுவாராம், அதற்குப் பிறகுதான் அது பொங்குமாம். 1901 வாக்கில் சிறைக்கைதிகள் அங்கே துணி துவைக்கப்போய்த் தெரிந்துகொண்ட வித்தை அது.

எங்கள் குடும்பம் 1980களிலேயே எரிமலைப் பிரதேசத்துக்கு வேன் எடுத்துப் போய்வந்தது. அது எரிமலைப் பிரதேசம் என்று வேனில் இருந்த யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

நைனா ஆம்பூரில் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, ராத்திரி முழுக்க அரிப்பு. பம்பாய்ப் பக்கம் கணேஷ்புரியில் வெந்நீர்க் குண்டம் இருக்கிறது, கந்தகத் தண்ணீர், முழுகினால் தோல் வியாதி போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். பாட்டி அதோடு ஷீரடியையும் சேர்த்துக்கொண்டாள். திட்டமிடல் முடிந்தது. மிச்சம் இருந்த ஒரே கேள்வியை நைனா டீக்கடையில் மெட்டடார் வேன் டிரைவரிடம் கேட்டார்: "வழி தெரியுமாப்பா?"

"ரோடு போற பக்கமே போனா பம்பாய் வந்துடும்ணா."

உண்மைதான். ஆம்பூர் வழியாகப் போகும் சாலைக்கு இப்போது தேசிய நெடுஞ்சாலை 48 என்று பெயர். விடாமல் பிடித்துப் போனால் பெங்களூரு, பெல்காம், புணே, மும்பை.

வேனில் பம்ப் ஸ்டவ், தேக்சா, புளிசோற்று மூட்டை, முறுக்கு டின். குடிதண்ணீருக்கு டேனரியிலிருந்து கழுவி எடுத்துவந்த நீலப் பீப்பாய் ஒன்று. அதில் முன்பு என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. பீப்பாய் நன்றாக இருக்கிறதே என்று பாட்டி மட்டும் மெச்சினாள்.

பெல்காம் தாண்டியதும் மண்ணும் கல்லும் கறுத்தன. தூரத்து மலைகளெல்லாம் வெட்டி அடுக்கியது போலத் தட்டுத் தட்டாக நின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி வெடித்து, திரும்பத் திரும்ப வழிந்து உறைந்த லாவா அது. இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. அதன்மேல் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடித்தோம். கோலாப்பூர்க் கரும்புத் தோட்டங்கள் கழிப்பறையாயின.

மகளின் வேனில் அது நடக்காது. 2023இல் நியூசிலாந்து கொண்டுவந்த சட்டப்படி, கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்குகிற வண்டிக்குள்ளேயே கழிப்பறை பொருத்தியிருக்க வேண்டும். அதுவும் படுக்கை விரித்திருக்கும்போதே போய்வர முடியவேண்டுமாம். யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

கணேஷ்புரியில் பாட்டி, "தலை முழுவுனாதான் பலன்" என்று என் உச்சந்தலையைப் பிடித்து மூன்று தரம் அமுக்கினாள். மகளின் தாளில் சிவப்பு நிறத்தில் இருப்பது இதுதான்: வெந்நீர்க் குளங்களில் தலையை நனைக்கக் கூடாது, மூக்கு வழியாக அமீபா ஏறினால் மூளைக்குப் போய்விடும். பாட்டி இருந்திருந்தால் அமீபாவையும் சேர்த்து அமுக்கியிருப்பாள். அந்தக் குண்டத்தின் சூடுகூட எரிமலையுடையது அல்லவாம். விரிசல் வழியே ஆழத்துக்கு இறங்கும் தண்ணீர், பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறதாம்.

நைனா இடுப்பளவு நீரில் நின்று மூக்கை உறிஞ்சினார். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? நம்ம குழில இதவிட ஸ்ட்ராங்கா இருக்குமே."

அவர் சொன்னது ரசாயனப்படி சரி. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தத் தண்ணீரில் அமிலத் தண்ணீர் கலந்தால் கிளம்புவது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம். ரோட்டோருவா ஊர் முழுக்க வீசுவதும் அதே வாயுதான். அங்கே வெள்ளி நகை கறுத்துப்போகும் என்று மகள் அம்மாவை எச்சரித்தாள். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டேனரித் தெருவில் பிறந்தவள், அவள் கொலுசு வெள்ளையாக இருந்ததே கல்யாணத்தன்று மட்டும்தான். எங்கள் ஊர் வந்தால் பஸ்ஸில் ஜன்னலை மூடுவார்கள். அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலைத் திறக்கிறார்கள்.

சிரிப்பு ஓரளவுக்குத்தான். அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் விழுவான். ரோட்டோருவாவில் மூடிய அறைகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கழிவுத் தொட்டிகளில் இறங்கியவர்களும் செத்திருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலை தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவரே இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேரை மூடியது. அங்கே இயற்கை செய்வதை இங்கே நாம் சொந்தச் செலவில் செய்துகொண்டோம்.

எக்செல்லின் கடைசிக் கட்டம் சாம்பல் நிறம். வேனில் பாத்திரம் கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் எதையும் தரையில் விடக்கூடாது. தொட்டியில் பிடித்துவைத்து, அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். நாலு தட்டு கழுவிய தண்ணீருக்கு இந்த மரியாதை! நம் பாலாற்றில் டேனரிகள் விட்ட தண்ணீருக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்றார்கள், டேனரி ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். ஒரு ஆற்றுக்கு அது என்ன விலை என்று அப்போதே ஊரில் பேசிக்கொண்டோம்.

நியூசிலாந்துக்கு டிக்கெட் போட வசதிப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்பூரில் 48ஆம் எண் சாலையில் ஏறி மேற்கே திருப்புங்கள், பெல்காமுக்கு அப்பால் எரிமலைப் பாறை இலவசம். குண்டத்தில் தலையை மட்டும் நனைக்காதீர்கள். பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு கேன் எடுத்துப் போங்கள், டேனரி பீப்பாய் வேண்டாம்.