எதிர்பாராமல் நடந்ததா?

வீட்டுக் காப்புறுதியில் ‘தற்செயல் சேதம்’ என்றொரு பிரிவு உண்டு. மேலதிகமாகக் காசு கட்டினால் சேர்த்துத் தருவார்கள். பிள்ளை அடித்த பந்து பட்டுத் தொலைக்காட்சி உடையலாம். சுவரில் ஆணி இறக்கும்போது உள்ளே ஓடும் தண்ணீர்க் குழாய் ஓட்டையாகலாம். அவற்றுக்கு நட்டஈடு. நிபந்தனை ஒன்றுதான்: சேதம் சடுதியாக, எதிர்பாராமல் நடந்திருக்க வேண்டும்.

மன்னார்க்காரர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நமக்கு எது சடுதி? சோளகம் வருஷா வருஷம் சொல்லிவிட்டு வருகிறது. உப்புக் காற்று அவசரமில்லாமல் தகரத்தைத் தின்கிறது. கம்பி துருவேறி வீங்கி, கொங்கிறீட் வெடித்து, ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையில் விழுகிறது. விழுந்தது சடுதிதான். துருப்பிடித்தது மெதுவாக. மெதுவாக வந்த கேட்டுக்குப் பணமில்லை. துரு, தேய்மானம், கறையான், பூஞ்சணம் எல்லாம் விலக்குப் பட்டியலில். நம் வீடுகளைத் தின்பவையும் அவைதான். பட்டியல் எழுதியவர் பேசாலையில் ஒரு மாரி தங்கிப் பார்த்தாரோ என்னவோ.

அடுத்தது நம் தெருக்கழுதை. மிருகம் மோதிய சேதத்துக்குப் பொதுவாகக் காப்புறுதிப் பத்திரத்தில் இடமுண்டு. மிருகம் உங்களுடையதாக இருக்கக் கூடாது. மழைக்கு ஒதுங்கிய கழுதை உங்கள் கண்ணாடிக் கதவை உதைத்து உடைக்கிறது என்று வையுங்கள். மதிப்பீட்டாளர் வருவார். “கழுதை யாருடையது?” அந்தக் காலத்து அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள், ஐயா. “வணிகரின் முகவரி?” நேற்று அதற்குப் பழஞ்சோறு வைத்திருந்தால் வாயைத் திறக்காதீர்கள். உரிமையாளர் ஆகிவிடுவீர்கள்.

கணக்கையும் பாருங்கள். திரும்பக் கட்ட 40 இலட்சம் ஆகும் வீடு. காப்புறுதி 20 இலட்சத்துக்கு. சேதம் 4 இலட்சம். கைக்கு வருவது 2 இலட்சம். பாதிக்குத்தானே கட்டினீர்கள்? அதிலும் முதல் பங்கை நீங்களே சுமக்க வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்து சீமெந்து விலை எகிறியபோது, முழுப் பெறுமதிக்கு எடுத்திருந்தவரும் குறைப் பெறுமதிக்காரர் ஆனார். வீட்டில் ஒரு கல் அசையவில்லை. பத்திரம் இடிந்துவிட்டது.

இவ்வளவையும் சிரித்துக் கடக்கலாம். யுத்தத்தை?

1983 கலவரம் நாட்டை எரித்தபின், 1987இல் அரசு கலவரத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் ஒரு காப்புறுதி நிதியம் தொடங்கியது. யுத்தம் அதில் சேராது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் எருக்கலம்பிட்டி முஸ்லிம்களைச் சில நாள் அவகாசத்தில் மன்னார்த் தீவைவிட்டே விரட்டினார்கள். வீடுகள் கூரையிழந்து, கதவிழந்து, பற்றை மண்டிக் கிடந்தன. அது சடுதி. அது எதிர்பாராதது. பத்திரத்தின் இலக்கணத்துக்கு இத்தனை கச்சிதமாகப் பொருந்திய இழப்பு இந்தத் தீவில் வேறில்லை. ஆனால் அதன் பெயர் விபத்தல்ல, யுத்தம். விலக்கு.

அது போதாதென்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வாசகம் வழமையாக இருக்கும். வீட்டில் தொடர்ந்து 30 நாள் ஆளில்லாவிட்டால் காப்பு நின்றுவிடும்.

எருக்கலம்பிட்டியார் புத்தளத்தில் அகதிகளாக இருந்தது இருபது வருஷம்.