அந்தரங்கத்துக்கு அரசாணை

1967-ல் இங்கிலாந்துச் சட்டம் எங்களுக்கு ஒரு சலுகை தந்தது: 21 வயது நிரம்பிய ஆண்கள் இருவர், மூன்றாம் ஆள் இல்லாத தனியிடத்தில் உறவுகொண்டால் குற்றமில்லை. 2020 ஜூனில் கொரோனா விதி அதைத் தலைகீழாக்கியது. வேறு வேறு வீட்டுக்காரர்கள் நாலு சுவருக்குள் சந்திக்கக் கூடாது. வெளியே, பூங்காவில், ஆறு பேர்வரை கூடலாம். வாலிபத்தில் எந்தப் புதர் ஓரத்தில் போலீஸ் எங்களை விரட்டியதோ, வயதான காலத்தில் அங்கேயே போய் உட்காரச் சொன்னார்கள்.

எழுபது தாண்டியவர்கள் பிறரோடு நெருங்குவதைக் குறைக்கவும் என்றும் அறிவுரை. என் விஷயத்தில் அதை இயற்கை எப்போதோ அமல்படுத்திவிட்டது.

பிறகு ‘குமிழி’ வந்தது: தனியாய் வாழ்பவர் ஒரே ஒரு வீட்டோடு சேரலாம், இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஒருவனுக்கு ஒருவன் என்று அரசாங்கமே உபதேசம் செய்த காலம் அது.

மகாராணிக்கும் விண்ட்சர் கோட்டையில் ஒரு குமிழி இருந்தது, தேநீர் கொண்டுவரும் ஆட்களோடு. ஆனால் விதி என்றால் அவருக்கு விதிதான். 2021 ஏப்ரல் 17, கணவர் பிலிப்பின் இறுதிச் சடங்கு. முப்பது பேருக்குத்தான் அனுமதி. கறுப்பு முகக்கவசத்தோடு தனியே உட்கார்ந்திருந்தார். முந்தைய இரவு டவுனிங் தெருவில் பிரதமர் அலுவலக ஊழியர்கள் பார்ட்டி நடத்தினார்கள். சூட்கேஸில் ஒயின் வந்ததாம். மாட்டிக்கொண்டு, அரண்மனையிடம் மன்னிப்பும் கேட்டார்கள்.

கமுக்கமாகக் கூடிக் கலைவது எப்படி என்று எங்கள் தலைமுறையைக் கேட்டிருக்கலாம். சூட்கேஸா தூக்கிக்கொண்டு போவார்கள்?