‘ராஜராஜ சோழ’னில் தப்புக் கண்டுபிடிக்க விரும்புவோர்க்கு

1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’ படத்தை, தஞ்சாவூர் வீட்டுக் கூடத்தில் மூன்று தலைமுறையோடு உட்கார்ந்து பார்க்கும் நாள் உங்களுக்கும் வாய்க்கலாம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம், சிவாஜி வேறு. அதனால் சும்மா பார்த்துவிட்டு எழுந்து போகலாம் என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் சோழர் படம் பார்ப்பவர் தப்புக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் மாமனார் கண்டுபிடிப்பதற்கு முன்னால்.

ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். “கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க மாமா” என்று சொல்ல வசதியாக இருக்கும்.

எடுத்த எடுப்பில் “இது நம்ம கோயிலே இல்ல, செட்டு” என்று சொல்லாதீர்கள். பெரிய கோயிலுக்குள் படமெடுக்க அனுமதி கிடைக்காமல் சென்னையில் செட் போட்டார்கள் என்பது கீரைக்காரம்மாவுக்கும் தெரியும். யாராவது “நம்ம நந்தி எங்கே?” என்று கேட்கும்வரை பொறுத்திருங்கள். கேட்டதும் நிமிர்ந்து உட்காரலாம். இன்று நாம் சுற்றி வரும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. ராஜராஜன் அதைப் பார்த்ததே இல்லை. இழைத்து இழைத்துச் செதுக்கிய முருகன் சந்நிதியும் நாயக்கர் வேலைதான். அம்மன் சந்நிதி 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் வந்தது. ஆக, அன்றைக்கு அனுமதி கொடுத்து உள்ளே கேமராவை விட்டிருந்தால், 1010-இல் குடமுழுக்கு நடக்கும் காட்சியில் இவ்வளவும் வரிசையாக வந்து நின்றிருக்கும். அனுமதி மறுத்தவர்கள் இயக்குநர் ஏ.பி. நாகராஜனுக்குச் செய்த உபகாரம் அது. இதை நிதானமாகச் சொன்னால் மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முதல் சுற்று உங்களுக்கு.

அடுத்தது பொடித் தப்புகள். எந்தச் சரித்திரப் படமானாலும் விபூதி, மாலை, குண்டலம் மூன்றையும் விடாமல் கவனியுங்கள். ஒரு ஷாட்டில் வலது தோளில் கிடந்த சரம் அடுத்த ஷாட்டில் இடது தோளுக்குப் போவது சினிமாவில் சகஜம். சேடிப் பெண்களின் மேற்கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், ஜென்னர் 1796-இல் இங்கிலாந்தில் கண்ட வைத்தியம் ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு முன்னதாகவே தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். விருந்துக் காட்சியில் மிளகாயைத் தேடுங்கள். அது போர்த்துகீசியரோடு வந்தது. சோழனுக்குக் காரம் என்றால் மிளகுதான். இளவரசி மடியில் 24 மெட்டு வைத்த வீணை இருந்தால் ரகுநாத நாயக்கரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுங்கள்; அந்த அமைப்பு 17-ஆம் நூற்றாண்டில் அவர் காலத்தது என்பார்கள். வயல் காட்சி வந்தால் மட்டும் நீங்கள் பேச வேண்டாம். கூடத்தில் ஒரு மிராசுதாராவது இருப்பார். சோழ நாட்டில் குட்டை ரகம் ஆடுவதைக் கண்டதும், 1966-இல் ஐ.ஆர்.8 நெல் வந்த கதையை அவரே தொடங்குவார். குறுக்கிட்டால் உரவிலைக்குப் போய்விடும்.

நடனம் வரும்போது முழு பலத்தையும் காட்டலாம். விசிறி மடிப்பு வைத்துத் தைத்த உடுப்பு ருக்மிணி தேவி காலத்துச் சங்கதி, 1930-களுக்கு முன்னால் போகாது. ராஜராஜன் காலத்தில் ஆடியவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டால், கருவறையைச் சுற்றிய உள்நடையில் ஓவியமே இருக்கிறது. நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். கல்வெட்டோ இன்னும் ஒரு படி மேல். கோயிலுக்கு அழைத்துவந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர், முன்பிருந்த ஊர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, பங்குக்கு நூறு கலம் நெல் என்று எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஷாட்டுக்கு ஷாட் குறிப்பு எழுதும் உதவி இயக்குநர் ராஜராஜனிடம் அப்போதே இருந்திருக்கிறார்.

ஒரு குழி இருக்கிறது, விழாதீர்கள். படத்தில் அக்காவும் குந்தவை, மகளும் குந்தவை. ‘பொன்னியின் செல்வன்’ மட்டும் படித்தவர்கள் இங்கே “பேர் குழம்பிடுச்சு” என்று துள்ளுவார்கள். குழம்பவில்லை. ராஜராஜன் தன் அக்காள் பெயரையே மகளுக்கும் வைத்தான். அந்த இளைய குந்தவையை மணந்தவன் வேங்கி நாட்டு விமலாதித்தன். துள்ளியவர் உங்கள் மைத்துனராக இருந்தால் இதைச் சத்தமாகச் சொல்லலாம்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும், வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி பயபக்தியோடு கேட்பார்: “மாப்ளே, கோபுர நிழல் தரையில விழாதாமே? உச்சிக் கல்லு ஒரே கல்லு, எண்பது டன்னாமே?” இங்கேதான் பயிற்சி தேவை. நிழல் விழும். சாயங்காலம் அந்த நிழலில் உட்கார்ந்துதான் பாதி ஊர் புளியோதரைப் பொட்டலம் பிரிக்கிறது. உச்சிக் கல்லும் பல துண்டுகளைப் பொருத்தியது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மிளகாயையும் தழும்பையும் விடாமல் பிடித்த நீங்கள், இப்போது முகத்தில் சலனமில்லாமல் “ஆமாங்க” என்று சொல்ல வேண்டும். சினிமாக்காரர் சொன்னால் பிழை, நாம் சொன்னால் ஐதீகம். மறுத்துப் பேசினால் சம்பந்தி மட்டுமல்ல, மாமனாரும் அவரோடு சேர்ந்துகொள்வார்.

அடுத்து ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டால் எழுந்து காப்பி போடப் போய்விடுங்கள். சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாயனம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. திருவாரூர் மோகனா திருவனந்தபுரத்துப் பத்மினி. உண்மைதான், ஆனால் நாகப்பட்டினத்து ஆள் ஒருவர் கூடத்தில் இருக்கும்போது “நாயனம் மதுரைங்க” என்று ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடு உத்தரவாதமில்லை. வாய் தவறிச் சொல்லிவிட்டால் உடனே ஜில் ஜில் ரமாமணிக்குத் தாவுங்கள். அந்த வேடம் போட்ட மனோரமா பிறந்தது மன்னார்குடியில்.